பதக்க அட்டையா, பணிக் கோப்பா?

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்த கொள்ளுத்தாத்தாவைத் தேட இரண்டு வழிகள் உண்டு: ராணுவம் அவரைப் பற்றி வைத்திருந்த பணிக் கோப்பு, அவருக்குரிய பதக்கங்களைக் குறித்துவைத்த பதக்க அட்டை. பணிக் கோப்பு கிடைத்தால் அதிர்ஷ்டம்தான்: உயரம், நெருங்கிய உறவினர், பட்ட காயம், குடித்துவிட்டு வாங்கிய தண்டனை வரை அதில் இருக்கும். ஆனால் 1940 செப்டம்பரில் லண்டனில் விழுந்த ஜெர்மன் குண்டில் இந்தக் கோப்புகளில் பாதிக்கும் மேல் எரிந்துபோயின.

பதக்க அட்டையில் விவரம் குறைவு. பெயர், பதவி, எண், படைப்பிரிவு, பதக்கங்கள், அவ்வளவுதான். 1915 முடிவதற்குள் போர்முனைக்குப் போனவர் என்றால் எங்கே, எந்தத் தேதியில் என்பதும் பெரும்பாலும் தெரியும். இருந்தாலும் அட்டையில்தான் தொடங்கச் சொல்வேன். வீட்டில் அந்தப் போருக்காகக் கொடுத்த வெற்றிப் பதக்கம் (Victory Medal) இருந்தால் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். ஒரே பெயரில் நூறு பேர் இருந்தாலும் அந்த எண் ஆளைப் பிரித்துக் காட்டும். அப்புறம் கோப்பைத் தேடலாம். உள்நாட்டிலேயே பணியாற்றியவருக்கு மட்டும் அட்டை பெரும்பாலும் இருக்காது.