அஸ்வெசும: படுவான்கரையில் இருந்து ஒரு மதிப்பீடு

வறிய குடும்பங்களுக்கு இலங்கை அரசாங்கம் மாதாமாதம் காசு கொடுக்கிற அஸ்வெசும திட்டத்துக்கு, மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் இருந்து பார்த்து, ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். காசு விஷயத்தில் குறை சொல்ல மாட்டேன், ஆளைத் தெரிவு செய்கிற முறைதான் மட்டக்களப்புக்குப் பொருந்தவில்லை.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். 2023 யூலையில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபா, வறிய குடும்பத்துக்கு 8,500. 2025 சனவரியில் இருந்து அவை 17,500, 10,000 என்று கூடின. முன்பு வறிய குடும்பங்களுக்குக் கிடைத்த சமுர்த்தி முத்திரையோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகை, அதுவும் குடும்பத்தின் வங்கிக் கணக்குக்கே வருகிறது. வவுணதீவிலோ வாகரையிலோ நாலு பேர் உள்ள வீட்டில் அரிசிக்கும் பிள்ளைகளின் கொப்பிக்கும் யாரிடமும் கை நீட்டாமல் இருக்கலாம் என்றால் அது சின்ன விஷயம் இல்லை.

சரி, குறைக்கு வருவோம். கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்று ஆறு பக்கத்தில் 22 சுட்டிகளை வைத்துப் புள்ளி போடுகிறார்கள். வேறு ஊர்களில் ஒருவர் கல்வீடு கட்டியிருந்தால் கையில் ஏதோ வருமானம் இருந்தது என்று நினைக்கலாம், இங்கே அப்படி நினைக்க முடியாது, ஏனென்றால் 2004 சுனாமிக்குப் பிறகும் யுத்தம் முடிந்த பிறகும் எத்தனையோ குடும்பங்களுக்கு வீடு உதவியாகத்தான் வந்தது, இந்திய வீட்டுத்திட்டத்தில் மட்டும் ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா மானியம். ஓடும் சீமெந்துத் தரையும் வந்தன, தொழில் வரவில்லை. அரசாங்கத்தின் சொந்தக் கணக்கே இதைச் சொல்கிறது: 2012/13இல் நாட்டின் வறுமை 6.7 வீதம், மட்டக்களப்பில் 19.4. 2016இல் நாட்டில் 4.1, இங்கே 11.3. வீடுகள் எழும்பிய அதே காலத்தில் நாங்கள் நாட்டின் சராசரியைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கிலேயே நின்றோம். அப்படியிருக்க சுவரைப் பார்த்துப் புள்ளி போட்டால், புருஷனை இழந்து கூலிக்குப் போகிற ஒரு அக்கா வசதியானவர் போலத் தெரிவார். இது எனக்கு உண்மையாகவே கோபம் வருகிற இடம்.

இன்னொன்று காலம். பெரும்போக நெல் வெட்டு நடக்கிற மாசி, பங்குனியில் கூலி கிடைக்கும், கார்த்திகை, மார்கழியில் வெள்ளம் வந்தால் பல ஊர்களில் வேலையே இராது, ஆற்றில் வலை போடுகிறவருக்கும் நாளுக்கு நாள் வருமானம் வேறு. ஒருமுறை வந்து கேட்டு எழுதுகிற வருமானம் எந்த மாதத்து வருமானம்? நுண்கடன் தவணை கட்டிய பிறகு கையில் என்ன மிஞ்சுகிறது என்று கேட்டால்தான் வீட்டின் நிலைமை தெரியும்.

மேன்முறையீடு செய்ய வழி இருப்பது நல்லது, ஆனால் கந்தோருக்குப் போய்வர ஒரு நாள் கூலி போகும் என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். வீடு எந்தத் திட்டத்தில், எந்த ஆண்டு கிடைத்தது என்று தெளிவாக எழுதுங்கள், வீட்டுத்திட்டக் கடிதம் இருந்தால் பிரதி எடுத்து இணையுங்கள், வேலை இல்லாத மாதங்களையும் குறிப்பிடுங்கள். கொடுத்ததற்கு ஒரு பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை கேட்கும்போது உதவும்.