நகருக்குள் ஓட்ட டீசல் கார் வாங்குகிறீர்களா? ஷோரூம் சொல்லாததைச் சொல்கிறேன்

கோவையில் புது டீசல் கார் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஷோரூமுக்குப் போன அன்றே என் தேவையைத் தெளிவாகச் சொன்னேன். வீடு சரவணம்பட்டி, அலுவலகம் காந்திபுரம். பத்து கிலோமீட்டர்கூட வராது. வழி முழுக்கச் சத்தி ரோடு நெரிசல். நெடுஞ்சாலைப் பக்கம் போவதே அபூர்வம். எல்லாவற்றையும் குறித்துக்கொண்ட விற்பனையாளர், "உங்களுக்கு டீசல்தான் சார் சரி, மைலேஜ் அள்ளும்" என்றார். பெட்ரோல் வண்டியைவிட ஒரு லட்சத்துக்கு மேல் கூடுதலாக வாங்கிக்கொண்டவர்கள், டிபிஎஃப் என்று ஒன்று இருப்பதைப் பற்றி மூச்சு விடவில்லை.

அது புகைக்குழாயில் இருக்கும் கரி வடிகட்டி. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் டீசல் கார்களில் இது இடம்பிடித்துவிட்டது. என்ஜின் கக்கும் கரியைப் பிடித்துவைத்து, சூடு ஏறக்குறைய 600 டிகிரியை எட்டும்போது எரித்துவிடும். அந்தச் சூடு வர, வண்டி நல்ல வேகத்தில் சீராகக் கால் மணி நேரமாவது ஓட வேண்டும். சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் வண்டிக்கு அது எங்கே கிடைக்கும்? கரி சேர்ந்துகொண்டே போகும். கூடுதல் டீசலைப் பீய்ச்சி வண்டி தானே எரிக்கப் பார்க்கும். அலுவலகம் வந்துவிட்டதென்று நாம் பாதியில் அணைத்தால், எரியாத டீசல் என்ஜின் ஆயிலில் இறங்கிவிடும்.

என் வண்டியில் முதலில் மைலேஜ் சரிந்தது. சாவியை எடுத்த பிறகும் மின்விசிறி இரைந்தது. அப்புறம் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு. ஒருநாள் டெக்ஸ்டூல் பாலம் ஏறவே திணறியது, பிக்கப் சுத்தமாக இல்லை. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் மேல் கோட்டையும் தாண்டி நிற்கிறது. விரலில் தேய்த்தால் தண்ணீராக ஓடுகிறது, குப்பென்று டீசல் வாடை. ஆயில் குறைந்தால்தான் ஆபத்து என்றில்லை. இப்படி நீர்த்துப்போன ஆயில் டர்போவையும் பேரிங்கையும் தேய்த்துவிடும்.

அதே நிறுவனத்தின் சர்வீஸ் பிரிவில் கிடைத்த பதில்: "நகருக்குள் மட்டும் ஓட்டினால் இப்படித்தான் ஆகும் சார், இது வாரண்டியில் வராது." கையேட்டில் உரிய பக்கத்தையும் திருப்பிக் காட்டினார்கள். பணம் வாங்கும் மேசையில் ஏன் அந்தப் பக்கம் திறக்கவில்லை? தெரிந்தே மறைத்து விற்றதை நான் ஏமாற்று என்றுதான் சொல்வேன்.

வெளியே ஒரு பட்டறையில், வடிகட்டியைக் குடைந்து எடுத்துவிட்டு மென்பொருளையும் மாற்றித் தருகிறேன் என்றார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். புகை விதிகளுக்கு விரோதம், மிச்ச வாரண்டியும் போய்விடும்.

தினமும் நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் போகிறவருக்கு டீசல் அருமையான வண்டி, அதில் எனக்கு மறுப்பில்லை. நகருக்குள்ளேயே சுற்றுகிறவர்கள் பெட்ரோல் பாருங்கள். டீசல்தான் என்று யாராவது வற்புறுத்தினால், உங்கள் தினசரி ஓட்டத்தை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, வடிகட்டி அடைத்தால் செலவு யாருடையது என்று எழுத்திலேயே பதில் கேளுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிந்திருக்கிறேன். தீராவிட்டால் அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்பனையாளருக்கு அன்று நான் அனுப்பிய செய்திகளும், ஆயில் அளவு கூடியிருந்ததை எழுதி வாங்கிய சர்வீஸ் பிரிவின் ஜாப் கார்டும் கைவசம் இருக்கின்றன.