சந்தாவா, சொந்தமா? பாட்டை விலைக்கு வாங்குகிறவனின் கணக்கு

ஸ்ட்ரீமிங் செயலியின் மாதச் சந்தாவை விட்டுவிட்டு, பிடித்த பாட்டை ஒவ்வொன்றாகக் காசு கொடுத்து வாங்கிச் சேர்க்க ஆரம்பித்துக் கொஞ்ச காலம் ஆகிறது. ‘எதுக்குய்யா இந்த வேண்டாத வேலை’ என்று கேட்காத நண்பர் இல்லை. அவர்களுக்காகவே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

ஸ்ட்ரீமிங்கின் நல்ல பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். புதுப் படப் பாட்டு வெளியான அன்றைக்கே காதில் விழும், கேட்டிராத பாட்டையும் அதுவே எடுத்துத் தரும். விலையும் அதன் பக்கம்தான். ஸ்பாட்டிஃபை 2019-ல் இந்தியாவுக்கு வந்தபோது மாதம் 119 ரூபாய், அதாவது வருடத்துக்கு 1,428. பாட்டை ஒவ்வொன்றாக விற்கும் ஆப்பிளின் ஐட்யூன்ஸ் கடை 2012 டிசம்பரில் இங்கே திறந்தபோது ஒரு பாட்டு 7, 12, 15 ரூபாய் என்று விற்றது. 15 என்றே வைத்துக்கொண்டால், ஒரு வருடச் சந்தாக் காசுக்கு 95 பாட்டு. தினமும் புதிதாக எதையாவது தேடிக் கேட்கிறவருக்குப் பாட்டை வாங்குவது கட்டாது. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிற என் போன்ற ஆளுக்கு, முதல் சில வருடம் செலவு இழுக்கும். அப்புறம் எப்போதாவது ஒரு பாட்டு, அவ்வளவுதான்.

ஆனால் காசு எனக்கு இரண்டாம் பட்சம். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: கடை மூடினால் என் கையில் என்ன மிஞ்சும்?

இது வெறும் பயம் இல்லை. 2024 ஜனவரி கடைசியோடு ரெஸ்ஸோ என்ற பாட்டுச் செயலி இந்தியாவில் நின்றது. அதே வருடம் ஆகஸ்டில், தன் பாட்டுச் செயலியான விங்க் மியூசிக்கை மூடப்போவதாக ஏர்டெல் சொன்னது. எத்தனையோ பேர் பார்த்துப் பார்த்துக் கோத்து வைத்த பட்டியல்கள் அதில் இருந்திருக்கும். ‘டவுன்லோட் பண்ணி வெச்சிருந்தேனே’ என்றால், அந்த டவுன்லோட் செயலிக்கு உள்ளே மட்டும் பாடுகிற சரக்கு. செயலி போனால் அதுவும் போச்சு. ஸ்பாட்டிஃபையிலும் இறக்கி வைத்த பாட்டு தொடர்ந்து பாட வேண்டுமென்றால் 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்துக்கு வந்து தலைகாட்ட வேண்டும்.

கடை மூடக்கூட வேண்டியதில்லை. 2023 மார்ச்சில் ஜீ மியூசிக் என்ற ஆடியோ கம்பெனியும் ஸ்பாட்டிஃபையும் உரிமப் பேச்சில் ஒத்துப்போகவில்லை. பெரிய பெரிய இந்திப் படப் பாட்டுகள் அங்கிருந்து காணாமல் போயின. பிற்பாடு திரும்பி வந்தன என்பது வேறு விஷயம். சந்தா கட்டிக்கொண்டிருந்தவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை, ஒப்பந்தம் அப்படி.

சரி, பாட்டு விற்கிற கடை மட்டும் மூடாதா? அதுவும் மூடும். ஃப்ளிப்கார்ட் 2012-ல் ஃப்ளைட் என்ற பெயரில் பாட்டுக்கடை திறந்து, 2013-லேயே இழுத்துச் சாத்திவிட்டது. கூகுள் ப்ளே மியூசிக் 2020 டிசம்பரில் போனது. ஆனால் ஃப்ளைட்டில் விற்றது பூட்டு இல்லாத எம்பி3, அதாவது கடையின் அனுமதி கேட்காமல் எங்கேயும் பாடுகிற கோப்பு. இறக்கி வைத்துக்கொண்டவரிடம் அது இன்றைக்கும் பாடும். கூகுளும் வாங்கியதை எடுத்துக்கொள்ள அவகாசம் கொடுத்துவிட்டுத்தான் அழித்தது. பூட்டுப் போட்டு விற்ற கடையின் கதை வேறு. எம்எஸ்என் மியூசிக்கில் வாங்கிய பாட்டுக்குச் சாவி கொடுக்கும் சர்வரை நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2008-ல் அறிவித்தது. காசு கொடுத்து வாங்கிய பாட்டை இனிமேல் புதுக் கணினியில் போட முடியாது என்று அர்த்தம். ஜனங்கள் சத்தம் போட்ட பிறகு 2011 வரை தள்ளிப்போட்டார்கள்.

ஆகவே ‘வாங்கு’ பொத்தானை அமுக்கியதால் மட்டும் பாட்டு உங்களுடையது ஆகிவிடாது. கோப்பு பூட்டில்லாமல் இருக்க வேண்டும், அதை உங்கள் டிஸ்க்கில் இறக்கியிருக்க வேண்டும். ஐட்யூன்ஸ் 2009-ல் பாட்டுகளின் பூட்டை எடுத்துவிட்டது, இன்றைக்கு அங்கே வாங்குவது 256 கேபிபிஎஸ் (நொடிக்கு 256 கிலோபிட்) ஏஏசி, எம்பி3 போலச் சுருக்கிய கோப்பு. சுயாதீன இசைக்காரர்கள் தங்கள் பாட்டை விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில், தரம் குறையாமல் சுருக்கிய ஃப்ளாக் கோப்பாகவே கிடைக்கும். வாங்கிவிட்டு கிளவுடில் இருக்கட்டும் என்று விட்டால் சந்தாக்காரருக்கும் உங்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கலிஃபோர்னியாவில் 2025 முதல் ஒரு சட்டம் இருக்கிறது: டிஜிட்டல் சரக்கை ‘வாங்கு’ என்று சொல்லி விற்றால், இது வெறும் உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். இணையம் இல்லாமலே நிரந்தரமாக வைத்துக்கொள்ளும்படி இறக்கிக் கொடுக்கிற சரக்குக்கு விலக்கு உண்டு. நான் சொல்கிற கோடும் அதேதான்.

இதற்கு விலை, பராமரிப்பு. ஐந்து நிமிடப் பாட்டு 256-ல் கிட்டத்தட்ட 10 எம்பி, ஆயிரம் பாட்டு 10 ஜிபி. இடம் ஒரு பிரச்சினையே இல்லை. பிரதி எடுப்பதுதான் வேலை. மடிக்கணினியில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, முடிந்தால் வேறு வீட்டில் ஒன்று. சோம்பேறிகளுக்குச் சந்தாவே மேல், இதை மனதாரச் சொல்கிறேன்.

டேக் போடுவது, அதாவது பாட்டு, பாடியவர் போன்ற விவரங்களைக் கோப்புக்குள் எழுதுவது, அடுத்த வேலை. நம் படப் பாட்டில் ‘ஆர்ட்டிஸ்ட்’ இடத்தில் சிலர் இசையமைப்பாளரைப் போடுவார்கள், சிலர் பாடகரை, சிலர் எல்லோரையும் கமா போட்டு. அதையும் ஆங்கில எழுத்தில், ஒரே பெயரை நாலு விதமாக. எம்பி3டேக் என்ற இலவச மென்பொருளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஞாயிற்றுக்கிழமை போவதே தெரியாது. ஆனால் அதில் ஒரு சுகம் இருக்கிறது. பாடலாசிரியருக்கு ஓர் இடம் ஒதுக்கி, ‘ஜானர்’ இருக்கும் இடத்தில் ராகத்தைப் போட்டுவிட்டேன். இப்போது மோகனம் என்று தட்டினால் கச்சேரிக் கீர்த்தனையும் சினிமாப் பாட்டும் ஒரே வரிசையில் வந்து நிற்கின்றன. சந்தாச் செயலியில் இப்படி என் இஷ்டத்துக்கு அடுக்க முடியாது.

மறுவிற்பனை என்று பார்த்தால் பூஜ்யம். பழைய சிடியையாவது யாருக்காவது தள்ளிவிடலாம். பாட்டுக் கோப்பைச் செகண்ட் ஹேண்டாக விற்க அமெரிக்காவில் ரீடிஜி என்ற நிறுவனம் முயன்று, 2013-லும் மேல்முறையீட்டில் 2018-லும் தோற்றது.

கலைஞருக்குப் போகும் பங்கில், சுயாதீன இசைக்காரர்கள் விஷயத்தில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. பணம் அனுப்பும் கட்டணம் போக மிச்சம் அவருக்கு. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், 12 மாதத்தில் 1,000 தடவை ஓடாத பாட்டின் பதிவுக்குக் காசே கிடையாது. சினிமாப் பாட்டுக்கு இந்த வாதத்தை நான் வைக்க மாட்டேன். அங்கே எப்படி வாங்கினாலும் காசு முதலில் ஆடியோ கம்பெனிக்குத்தான் போகிறது.

ஒலித்தரம் பற்றி என் தீர்ப்பை நம்ப வேண்டாம். பேருந்தில், சாதாரண இயர்போனில் கேட்கிறவன் நான். ஃப்ளாக்குக்கும் 256-க்கும் என் காதில் வித்தியாசம் விழவில்லை. நல்ல ஸ்பீக்கர் வைத்திருப்பவர் வேறு மாதிரிச் சொல்லலாம்.

ஸ்ட்ரீமிங்கை நான் அடியோடு விடவில்லை. விளம்பரத்தோடு வரும் இலவசக் கணக்கில் கேட்டுப் பார்க்கிறேன், சில வாரம் கழித்தும் மனதில் ஓடுகிற பாட்டை வாங்குகிறேன். கடையில் இல்லாத பழைய ஆல்பத்துக்கு, சிடி கிடைத்தால் வாங்கிக் கணினியில் ஏற்றிக்கொள்கிறேன். சிடியும் இல்லையென்றால் ஸ்ட்ரீமிங்கில் இருக்கும் வரை கேட்க வேண்டியதுதான். நீங்களும் வாங்கிப் பார்ப்பதாக இருந்தால், முதல் பாட்டை இறக்கியதும் நெட்டை அணைத்துவிட்டு, அந்தக் கடையின் செயலியில் இல்லாமல் விஎல்சி போன்ற பொதுவான பிளேயரில் போட்டுப் பாருங்கள். பாடினால் அடுத்ததை வாங்கலாம்.