குளோன்சில்லா லைவ்: முழு டிஸ்க்கையும் இமேஜ் எடுக்க நம்பலாமா?

டிஸ்க்கில் உள்ள அனைத்தையும் அப்படியே ஒரே தொகுப்பாக நகலெடுத்து வைப்பதுதான் இமேஜ். அதற்கான மென்பொருளான மேக்ரியம் ரிஃப்ளெக்ட்டின் இலவசப் பதிப்புக்கான ஆதரவு 2024 ஜனவரியோடு நின்றுபோனது. விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் சிஸ்டம் இமேஜ் வசதியை இனி வளர்க்கப்போவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் 2017லேயே சொல்லிவிட்டது. காசு கொடுக்காமல் டிஸ்க் முழுவதையும் இமேஜ் எடுக்க வேண்டும் என்றால், முதலில் பார்க்க வேண்டியது குளோன்சில்லா. தைவானின் தேசிய உயர்திறன் கணினி மையத்தில் உருவான திறமூல மென்பொருள் இது. வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் கட்டணம் கிடையாது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். டிஸ்க் செத்துப்போனாலோ, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தாலோ, விண்டோஸ், மென்பொருள்கள், செட்டிங்ஸ் எல்லாவற்றையும் இருந்தது இருந்தபடி ஒரு மணி நேரத்தில் மீட்க இதைவிட நம்பகமான இலவசக் கருவி இல்லை. ஆனால் நேற்று அழித்த ஒரு எக்செல் ஃபைலை மட்டும் எடுத்துத் தா என்றால் இதனால் முடியாது. மாறியதை மட்டும் சேமிக்கும் இன்கிரிமென்டல் முறையும் கிடையாது. ஒவ்வொரு முறையும் முழு இமேஜ்தான். ஆகவே அன்றாட ஃபைல்களுக்கு வேறொரு பேக்கப் தனியாக வேண்டும்.

கம்ப்யூட்டரைப் பென் டிரைவிலிருந்து பூட் செய்துதான் (எழுப்பித்தான்) இதை ஓட்ட வேண்டும். விண்டோஸ் அப்போது ஓடாது என்பதால் திறந்திருக்கும் ஃபைல் என்ற பிரச்சினையே இல்லை. உள்ளே நகலெடுக்கும் வேலையைச் செய்வது பார்ட்குளோன் என்ற கருவி. என்டிஎஃப்எஸ், எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ், ஃபேட்32 போன்ற ஃபைல் சிஸ்டம்களில் (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கும் முறைகள்) டேட்டா இருக்கும் பிளாக்குகளை, அதாவது சிறு துண்டுகளை மட்டும் படிக்கும். 512 ஜிபி டிஸ்க்கில் 120 ஜிபி நிரம்பியிருந்தால் அந்த 120 ஜிபிதான் வாசிக்கப்படும். சுருக்கிய பிறகு இமேஜ் இன்னும் சிறிதாகும். நிறைய வீடியோவும் போட்டோவும் இருந்தால் மட்டும் பெரிதாகச் சுருங்காது.

பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் மென்பொருளில் இல்லை, அதற்கு முன்னால் விண்டோஸில் செய்ய வேண்டிய தயாரிப்பில் இருக்கிறது. முதல் சிக்கல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுமையாக மூடாமல் பாதி உறங்கிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் உள்ள என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனை (டிஸ்க்கில் பிரித்த ஒரு பகுதி) எடுக்கும்போது பிழை காட்டி நிற்கும். பவர் ஆப்ஷன்ஸில் அதை அணைத்துவிடுங்கள், அல்லது ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். அதற்குப் பிறகும் பிழை வந்தால், விண்டோஸுக்குத் திரும்பிப் போய் டிஸ்க் பிழைகளைச் சரிபார்க்கும் செக்டிஸ்க் ஓட்டி, இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்துவிட்டு வாருங்கள்.

இரண்டாவது, டிஸ்க்கை என்கிரிப்ட் செய்து பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர். விண்டோஸ் 11 லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் போட்டு நுழைந்தாலே என்கிரிப்ஷன் தானாக இயங்கிவிடுவது உண்டு. பூட்டிய பார்ட்டிஷனில் எது டேட்டா, எது காலி இடம் என்று பார்ட்குளோனுக்குத் தெரியாது. எனவே காலி இடத்தையும் சேர்த்து ஒவ்வொரு செக்டராக (டிஸ்க்கின் மிகச் சிறிய பகுதி) நகலெடுக்கும். பூட்டிய டேட்டா சுருங்கவும் சுருங்காது. 120 ஜிபியில் முடிய வேண்டியது 500 ஜிபிக்குப் பக்கத்தில் போய் நிற்கும். சஸ்பெண்ட் கொடுப்பது போதாது, ஏனென்றால் டிஸ்க்கில் உள்ளது அப்போதும் பூட்டியபடியேதான் இருக்கும். முழுதாக ஆஃப் செய்து, டிகிரிப்ஷன் முடியும் வரை பொறுத்திருங்கள். இமேஜ் எடுத்த பிறகு மறுபடி ஆன் செய்துகொள்ளலாம். எப்படியிருந்தாலும் அந்தப் பூட்டைத் திறக்கும் ரிகவரி கீயைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, டிஸ்க்கே கண்ணில் படாதது. டிஸ்க்கைக் கையாளும் முறை இன்டெல் ஆர்எஸ்டி அல்லது ரெய்டு மோடில் இருக்கும் லேப்டாப்களில் குளோன்சில்லாவின் பட்டியலில் என்விஎம்இ டிஸ்க் (ஒரு வகை எஸ்எஸ்டி) வராமல் போகலாம். பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்ஸ் திரை) அந்த மோடை ஏஹெச்சிஐக்கு மாற்ற வேண்டும். சும்மா மாற்றினால் விண்டோஸ் எழாது. முதலில் விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் கருவியில் சேஃப் பூட் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் செய்து, போகிற வழியில் பயாஸை மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை ஏற்றிவிட்டு, பிறகு அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். பிட்லாக்கர் இயங்கும்போது இதைத் தொடாதீர்கள். ரிகவரி கீ கேட்டு நிற்கும்.

தயாரிப்பு முடிந்தால் மீதி எளிது. பென் டிரைவிலிருந்தே ஓடும் பதிப்பான குளோன்சில்லா லைவை ரூஃபஸ் என்ற கருவி மூலம் ஒரு சின்னப் பென் டிரைவில் எழுதுங்கள். 1 ஜிபி போதும். டெல், லெனோவாவில் எஃப்12, ஹெச்பியில் எஃப்9 அழுத்தி அதிலிருந்து பூட் செய்யுங்கள். வரும் மெனுவில் டிவைஸ்-இமேஜ் (டிஸ்க்கிலிருந்து இமேஜ்), பிறகு லோக்கல் டெவ் (இதே கம்ப்யூட்டரில் மாட்டிய டிஸ்க்) தேர்ந்தெடுங்கள். இப்போது எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைச் செருகி, அது பட்டியலில் தெரிந்ததும் கன்ட்ரோல்-சி. இமேஜ் போய்ச் சேர வேண்டிய பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுங்கள். இந்தக் கட்டத்தில் அதிலுள்ள எதுவும் அழியாது. அடுத்து பிகினர் மோட், சேவ்டிஸ்க் (முழு டிஸ்க்கையும் சேமிப்பது), இமேஜுக்கு ஒரு பெயர், நகலெடுக்க வேண்டிய மூல டிஸ்க். பெயரில் தேதியையும் மெஷினின் மாடலையும் சேர்த்துவிடுங்கள். சேமித்த பிறகு இமேஜைச் சரிபார்க்கவா என்று தொடங்குவதற்கு முன்பே கேட்கும். நேரமாகிறதே என்று நோ கொடுத்துவிடாதீர்கள். படிக்க முடியாத இமேஜ் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான், அதை மீட்கும் நாளில் தெரிந்துகொள்வது கொடுமை.

ஓடும்போது இரண்டு பட்டைகள் தெரியும். மேலே இருப்பது டேட்டா பிளாக், கீழே மொத்த பிளாக். அவற்றுக்கு மேலே, பார்ட்டிஷனின் மொத்த அளவும் அதில் பயன்படுத்திய இடமும் எழுதியிருக்கும். பயன்படுத்திய இடத்தை விண்டோஸ் காட்டிய அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மொத்த அளவும் அதுவும் ஒன்றாக இருந்தால் செக்டர் செக்டராகப் போகிறது என்று அர்த்தம். நிறுத்திவிட்டு பிட்லாக்கரைத் திரும்பப் பாருங்கள். யுஎஸ்பி 2 போர்ட்டில் விநாடிக்கு 35 எம்பி அளவில்தான் எழுதும், 200 ஜிபிக்கு ஒன்றரை மணி நேரம் தாண்டும். யுஎஸ்பி 3 போர்ட்டில் சாதாரண ஹார்ட் டிஸ்க்கே மூன்று மடங்கு வேகம் தரும். டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ், லேப்டாப் என்றால் சார்ஜர். நடுவில் கரன்ட் போனால் அந்த இமேஜ் குப்பைதான், முதலிலிருந்து எடுக்க வேண்டும்.

மீட்பதுதான் ஆபத்தான பகுதி. அதற்கான ரீஸ்டோர்டிஸ்க் தேர்வு, இலக்கு டிஸ்க்கைத் துடைத்துவிட்டுத்தான் எழுதும். இரண்டு முறை ஒய் கேட்பது அதற்காகத்தான். டிஸ்க்குகளுக்குக் காட்டும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை நம்பாதீர்கள், ஒவ்வொரு முறை பூட் செய்யும்போதும் அவை மாறலாம். மாடல் எண்ணையும் அளவையும் படித்துப் பார்த்துவிட்டு ஒய் கொடுங்கள். மீட்ட பிறகு பழைய டிஸ்க்கும் புதியதும் ஒரே அடையாள எண்ணோடு இருக்கும். இரண்டையும் சேர்த்து மாட்டி பூட் செய்தால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் தள்ளும், லினக்ஸ் தவறான டிஸ்க்கை எடுத்துக்கொள்ளக்கூடும். பழையதைக் கழற்றிவிட்டு முதல் முறை பூட் செய்யுங்கள்.

500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 480 ஜிபி எஸ்எஸ்டிக்கு மாறுபவர்களுக்கு இங்கே ஒரு முட்டுக்கட்டை உண்டு. உள்ளே 100 ஜிபிதான் இருக்கிறது என்றாலும், இலக்கு டிஸ்க் மூலத்தைவிடச் சிறியது என்றால் வழக்கமான முறையில் இது மறுத்துவிடும். இமேஜ் எடுப்பதற்கு முன்பே டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவைச் சுருக்குங்கள். சுருங்க மறுத்தால் நகராத ஃபைல்கள் குறுக்கே நிற்கின்றன: ஹைபர்நேஷன், பேஜ் ஃபைல், சிஸ்டம் ரீஸ்டோர் மூன்றையும் தற்காலிகமாக அணைத்துவிட்டு மறுபடி முயலுங்கள். மீட்கும்போது எக்ஸ்பர்ட் மோடில் அளவுச் சோதனையைத் தவிர்க்கும் ஐசிடிஎஸ், விகிதப்படி பார்ட்டிஷன் போடும் கே1 இரண்டையும் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரிய டிஸ்க்குக்குப் போவதில் இந்தத் தலைவலி இல்லை.

டிஸ்க் ஏற்கெனவே சத்தம் போட்டால், அல்லது டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தரும் ஸ்மார்ட் அறிக்கையில் பென்டிங் செக்டர் (படிக்கத் தடுமாறும் செக்டர்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், குளோன்சில்லாவைக் கொண்டு தொடங்காதீர்கள். படிக்க முடியாத செக்டர் வந்ததும் இது நின்றுவிடும். ரெஸ்க்யூ ஆப்ஷன் கொடுத்தால் தாண்டிப் போகும், ஆனால் எதை விட்டோம் என்று நினைவில் வைத்துத் திரும்பி வராது. அந்த வேலைக்கு ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற மீட்புக் கருவிதான். நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்டவற்றை மேப் ஃபைலில் குறித்துக்கொண்டு பிறகு திரும்பும்.

கறுப்புத் திரையும் எழுத்து மெனுவும் அச்சமூட்டினால் ரெஸ்க்யூசில்லா இருக்கிறது. மவுஸால் இயக்கலாம், குளோன்சில்லா எடுத்த இமேஜ்களையும் அதிலேயே மீட்கலாம். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே, மாறியதை மட்டும் தினமும் சேமிக்க வேண்டியவர்கள் வீம் ஏஜென்ட் என்ற பேக்கப் மென்பொருளின் இலவசப் பதிப்பைப் பாருங்கள். ஒற்றை ஃபைலையும் அதிலிருந்து எடுக்கலாம்.