பிளானர் டேபிளை கிரைண்டிங் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் மரப்பட்டறை வைத்திருப்பவர்கள், பழைய சர்ஃபேஸ் பிளானர் (மரத்தை இழைத்து மட்டமாக்கும் மெஷின்) வாங்கி, அதன் டேபிளைத் தேய்த்து மட்டமாக்க கிரைண்டிங் கொடுக்கும் எண்ணம் இருந்தால் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

என்னிடம் இருப்பது 12 இஞ்ச் பிளானர், செகண்ட் ஹேண்ட், காஸ்ட் அயர்ன் டேபிள். வருஷக்கணக்காக ஒரே தடத்தில் மரத்தைத் தள்ளித் தள்ளி முன் டேபிள் நடுவில் குழிந்திருந்தது. மட்டம் பார்க்கும் மூன்றடி ஸ்ட்ரெய்ட் எட்ஜை வைத்தால் அடியில் 0.25 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழையும். நம் ஏரியாக் கடல்காற்றைக் கேட்கவே வேண்டாம். பிளேடு மாட்டிச் சுழலும் கட்டர் பிளாக்கை ஒட்டிய டேபிள் விளிம்பில், அதாவது உதட்டோரம், துரு அரித்துப் புள்ளி புள்ளியாக இருந்தது.

வியாசர்பாடியில் ஒரு பட்டறையில் "சர்ஃபேஸ் கிரைண்டிங் போட்டுத் தர்றோம்" என்று 6,500 ரூபாய் வாங்கினார்கள். திரும்பி வந்த டேபிளில் முகம் பார்க்கலாம், அப்படிப் பளபளப்பு. மாட்டி ஓட்டினால், இழைத்த தேக்குப் பலகை மட்டமான கிரானைட் கல் மேல் உட்காராமல் மூலைக்கு மூலை ஆடுகிறது. ஸ்ட்ரெய்ட் எட்ஜை வைத்தேன். 0.25 நுழைந்த இடத்தில் இப்போது 0.40 நுழைகிறது!

டார்ச்சைச் சாய்த்து அடித்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. மெஷினில் ஏறிய டேபிளில் கிரைண்டிங் கோடுகள் ஒரே ஒழுங்கில் ஓடும். இதில் ஒன்றின் மேல் ஒன்றாக அரைவட்டக் கீறல்கள். ஆங்கிள் கிரைண்டரில் ஃபிளாப் டிஸ்க் (உப்புத்தாள் மடிப்பு வட்டு) மாட்டிக் கையாலேயே இழுத்திருக்கிறார்கள். அப்படி இழுத்தால் துரு போகும், குழியும் ஆழமாகும். உதட்டோரப் புள்ளிகளைக் காணோமே என்று ஆணியால் சுரண்டினேன். புள்ளிகளை அடைத்திருந்த பட்டி பொலபொலவென்று உதிர்ந்தது. நிறம் சேர வேண்டுமென்று மேலே கிராஃபைட் தூள் வேறு தேய்த்திருக்கிறார்கள். அந்தச் சிரத்தையில் பாதியை வேலையில் காட்டியிருக்கலாம். மினுமினுப்புக்கு சிலிக்கான் ஸ்பிரேயும் அடித்திருந்தார்கள் போல. அதில் ஓடிய பலகைகளில் பி.யு. (பாலியூரித்தேன்) பாலிஷ் பிடிக்காமல் குழி குழியாக விலகியது தனிக் கதை.

கேட்கப் போனால் பட்டறைக்காரர், "மரம்தானேண்ணே இழைக்கப் போற, ராக்கெட்டா செய்யப் போற?" என்கிறார்.

அப்புறம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பெரியவரிடம் காட்டினேன். நிஜமாகவே மெஷினில் போட்டாலும் கெடுக்க முடியும் என்றார். டேபிளின் அடிப்பக்கம் மெஷின் பெட்டில் எங்கெங்கே உட்காரவில்லையோ அங்கெல்லாம் ஷிம் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகடு) கொடுத்த பிறகுதான் கிளாம்ப் போட வேண்டும். அப்படியே இறுக்கினால் வார்ப்பு வளைந்து கொடுக்கும், வளைந்த நிலையிலேயே சமமாகத் தேய்படும், போல்ட்டைத் தளர்த்தியதும் பழைய கோணலுக்கே போய்விடும். எவ்வளவு குறைவாக எடுக்க முடியுமோ அவ்வளவுதான் எடுக்க வேண்டும். உதடு ஏற்கெனவே மெலிசு. டேபிள் ஏறி இறங்கும் டவ்டெயில் சறுக்குத் தடம் தேய்ந்திருந்தால் மேல்பரப்பை மட்டும் கிரைண்டிங் போட்டும் பயனில்லை. மாட்டிய பிறகு முன், பின் இரண்டு டேபிளும் ஒரே மட்டத்தில் வருகிறதா என்று நீள ஸ்ட்ரெய்ட் எட்ஜை வைத்துப் பார்த்து, அங்கேயும் ஷிம் வைக்க வேண்டியிருக்கும்.

ஆகவே கொடுக்கும்முன் அவர்களிடம் கிரைண்டிங் மெஷின் இருக்கிறதா, உங்கள் டேபிள் நீளத்துக்கு அது போதுமா என்று நேரில் பாருங்கள். பணம் கொடுக்கும்முன் ஸ்ட்ரெய்ட் எட்ஜ், ஃபீலர் கேஜ், ஒரு ஆணி மூன்றையும் அங்கேயே எடுத்து வேலையைச் சோதித்துப் பாருங்கள். பில்லில் 'சர்ஃபேஸ் கிரைண்டிங்' என்றும், எத்தனை மி.மீ.க்குள் மட்டம் என்றும் எழுதச் சொல்லுங்கள். என் பில்லில் 'டேபிள் பாலிஷ்' என்றுதான் இருக்கிறது. அதைக் காட்டியே பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார்கள்.