நேர்காணல் 'டெஸ்ட்' என்ற பெயரில் ஓசி வேலை: சுங்கை சிப்புட் வட்டாரத்தில் அக்கவுண்ட்ஸ் வேலை தேடுபவர்கள் கவனிக்கவும்

டிப்ளோமா முடித்துவிட்டு மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் அக்கவுண்ட்ஸ் வேலை தேடும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். ஊரிலேயே வேலை என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஈப்போவுக்குத் தினமும் மோட்டாரில் போய்வர வேண்டாம், தோட்டத்தில் இருக்கும் அப்பா அம்மாவுக்கும் நிம்மதி. அந்த ஆசையை வைத்துத்தான் இங்கே ஓர் அலுவலகம் காசு கொடுக்காமல் வேலை வாங்குகிறது.

கடைவரிசை மாடியில் இருக்கும் சின்னக் கணக்கு அலுவலகம். பெயரை இங்கே போடவில்லை. 'அக்கவுண்ட்ஸ் அசிஸ்டண்ட் உடனே தேவை, அனுபவம் வேண்டாம்' என்று ஜூன் தொடக்கத்தில் விளம்பரம் வந்தது. நேர்காணலில் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. தேய்மானத்துக்கு எதை டெபிட் செய்வாய், பேங்க் ரீகான்சிலியேஷன் (கணக்கை பேங்க் ஸ்டேட்மெண்டோடு ஒத்துப் பார்ப்பது) தெரியுமா, அவ்வளவுதான். சம்பளத்தைப் பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்மா. முதல்ல உன் வேலை எப்படின்னு பாக்கணும். திங்கக்கிழமை வந்து டெஸ்ட் செய்" என்றார் மேடம்.

டெஸ்ட் என்றால் கேள்வித்தாள் என்று நினைத்துப் போனேன். மேசைமேல் பிஸ்கட் டின்களும் பிளாஸ்டிக் பைகளும் இருந்தன. எல்லாவற்றிலும் ரசீதுகள். என்னைப் போல் இன்னும் சிலர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். மாதவாரியாகப் பிரி, கம்ப்யூட்டரில் ஏற்று, பேங்க் ஸ்டேட்மெண்டோடு ஒத்துப் பார். காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை, அந்த வாரம் முழுக்க இதே வேலை. பெட்ரோல் ரசீதில் எழுத்து மங்கிப்போய், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத்தான் தொகையைப் படிக்க முடிந்தது. ஒரு மோட்டார் பட்டறைக் கணக்கில் பள்ளிக்கூடக் காலணி பில் கிடந்தது. அதைச் செலவில் சேர்க்காமல் முதலாளியின் சொந்த எடுப்பில், அதாவது அவர் தன் சொந்தச் செலவுக்கு எடுத்ததாக, போட்டேன். மேடம் பார்த்துவிட்டு "கெட்டிக்காரி" என்றார். பாராட்டுக்கு மட்டும் அங்கே பஞ்சமே இல்லை.

அந்தக் கடைகள் எல்லாம் நம் ஊர்க் கடைகள். நான் அரிசி வாங்கும் மளிகைக் கடைக்காரரின் ஐசி (அடையாள அட்டை) எண், வரி எண், பேங்க் கணக்கு எல்லாம் என் முன்னால் விரிந்து கிடந்தன. நான் யார் என்று அவருக்குத் தெரியாது. தன் கணக்கு வேலைக்குச் சேராத பிள்ளைகள் கையில் இருப்பதும் தெரியாது. கடை வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் ரசீதுப் பை யார் கையில் இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

விளம்பரம் ஏன் ஜூனில் வந்தது? சொந்தத் தொழில் செய்பவர்கள் போன வருட வருமானத்துக்கான ஃபாரம் பி என்ற வருமான வரிப் படிவத்தை ஜூன் 30-க்குள் கொடுக்க வேண்டும், இணையம் வழி என்றால் ஜூலை 15 வரை. கணக்கு அலுவலகங்களுக்கு மூச்சு முட்டும் நேரம் அது. டின்கள் காலியானதும் எங்கள் எல்லோருக்கும் ஒரே வாட்சாப் செய்தி வந்தது: 'இடம் நிரம்பிவிட்டது'. செய்த வேலைக்குப் பணம் கேட்டுப் போன் செய்தேன். "டெஸ்டுக்கு யாரும்மா சம்பளம் குடுப்பா? நாங்கதானே உனக்கு வேலை சொல்லிக் குடுத்தோம்" என்று பதில்.

இதற்கு முன்பு ஈப்போவில் ஒரு நிறுவனத்துக்குப் போயிருந்தேன். கற்பனைக் கம்பெனி ஒன்றின் டிரயல் பேலன்ஸை (எல்லாக் கணக்குகளின் டெபிட், கிரெடிட் மீதிகளும் உள்ள பட்டியல்) கொடுத்தார்கள். ஒரு மணி நேரத்தில் முடிந்தது. என் எதிரிலேயே திருத்தினார்கள். சம்பளம் இவ்வளவு, ஈபிஎஃப் (ஓய்வுகாலச் சேமிப்பு), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) உண்டு என்று முதலிலேயே சொன்னார்கள். வேலை கிடைக்கவில்லைதான், ஆனால் எந்த இடத்தில் சறுக்கினேன் என்று தெரிந்துகொண்டு வந்தேன். டெஸ்ட் என்றால் அப்படித்தான் இருக்கும். நிஜக் கடையின் நிஜ ரசீதை நீட்டினால், எத்தனை மணி நேரம், எவ்வளவு பணம் என்று அங்கேயே கேளுங்கள். பதிலை வாட்சாப்பில் எழுதித் தரச் சொல்லுங்கள். மழுப்பினால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம்.

சட்டப்படி மாதக் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்பது 2025 ஆகஸ்டிலிருந்து ஐந்து பேருக்கும் குறைவாக வைத்திருக்கும் முதலாளிகளுக்கும் சேர்த்துத்தான். 1955 வேலைச் சட்டத்தில் 2023 முதல் 101சி என்று ஒரு பிரிவும் இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், ஒருவர் சொன்ன நேரத்தில், சொன்ன முறையில், அவர் கொடுத்த கருவிகளை வைத்து வேலை செய்தவரைத் தொழிலாளி என்று அனுமானிக்க அதில் இடம் உண்டு. எங்களுக்கு அது பொருந்துமா என்பதை லேபர் ஆபீஸ்தான் சொல்ல வேண்டும். விளம்பரம், 'திங்கக்கிழமை ஒன்பது மணிக்கு வா' என்ற செய்தி, 'இடம் நிரம்பிவிட்டது' என்ற செய்தி, எல்லாவற்றையும் அச்செடுத்துப் புகார் கொடுத்திருக்கிறோம். உங்களுக்கும் அங்கே இப்படி நடந்திருந்தால் செய்திகளை அழித்துவிடாமல் எனக்குத் தனியாக எழுதுங்கள், புகாரில் சேர்க்க முடியுமா என்று கேட்டுச் சொல்கிறேன்.