தோற்ற பிறகு எழுதிய இரண்டு புத்தகங்கள்: கமலாவா, ஹிலரியா?

எங்கள் வெள்ளவத்தை வாசிப்பு வட்டத்தில் அடுத்து எந்தப் புத்தகம் என்று கை தூக்கச் சொன்னால், கமலா ஹாரிஸுக்குத்தான் கூடுதலான கைகள் உயரும். கொழும்பில் எந்தத் தமிழ் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். தாய் சியாமளா சென்னையில் பிறந்தவர். தாத்தாவின் ஊர் துளசேந்திரபுரம். 2020இல் ஜனநாயகக் கட்சி மாநாட்டு மேடையில் நின்று தன் சித்திமாரைச் ‘சித்தி’ என்றே குறிப்பிட்டவர். “அவ எங்கட பிள்ளையெல்லோ, அதை விட்டுட்டு ஏன் மற்றதை எடுக்கிறியள்?” என்று வட்டத்தில் மூத்தவரான ரீச்சர் கேட்டார். நான் ஹிலரி கிளின்டனுக்காக வாதாடினேன். கடைசியில் ஹிலரியின் புத்தகத்தைத்தான் எடுத்தோம். இரண்டையும் வாசித்து முடித்த பிறகும் என் எண்ணம் மாறவில்லை.

அடிப்படை விவரங்கள் பலருக்கும் தெரிந்தவை. இருவரும் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் டொனால்ட் டிரம்ப்பிடம் தோற்றவர்கள். 2016இல் ஹிலரி நாடு முழுவதிலும் ஏறக்குறைய 29 இலட்சம் வாக்குகள் கூடுதலாக எடுத்தும், வெற்றியைத் தீர்மானிக்கும், மாநிலவாரியான தேர்வாளர் வாக்குக் கணக்கில் 304க்கு 227 என்று பின்தங்கினார். 2024இல் கமலா மொத்த வாக்கிலும் தோற்றார், தேர்வாளர் கணக்கிலும் 312க்கு 226 என்று தோற்றார். ஹிலரியின் ‘வாட் ஹாப்பன்ட்’ 2017 செப்டெம்பரில் வந்தது, கமலாவின் ‘107 டேய்ஸ்’ 2025 செப்டெம்பரில். தோல்விக்குப் பத்து மாதம் கழித்து, ஒரே பதிப்பகத்திலிருந்து வந்தவை. ஆக, காயம் ஆறுவதற்கு இருவருக்கும் கிடைத்த காலம் ஒன்றுதான்.

விலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2022இல் ரூபாய் விழுந்த பிறகு வெளிநாட்டுப் புத்தகம் எதுவுமே கையைக் கடிக்கிறது. ஹிலரியுடையது பழைய புத்தகம் என்பதால் மலிவுப் பதிப்பும், ஒருவர் வாசித்துக் கைமாறிய பிரதியும் கிடைக்கின்றன. நான் பார்த்த கடையில் கமலாவின் புத்தகம் கெட்டி அட்டையில் மட்டும்தான் இருந்தது.

வாசிக்கச் சுகமானது கமலாவுடையது, அதில் சந்தேகமே இல்லை. ஜனாதிபதி ஜோ பைடன் போட்டியிலிருந்து விலகி, அவருடைய துணை ஜனாதிபதி கமலா களமிறங்கிய 2024 ஜூலை 21இல் தொடங்கி நவம்பர் 5 வரை நாட்களை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே போகும் நாட்குறிப்பு அது. சின்னச் சின்னப் பகுதிகள். வேலை முடிந்து 100ஆம் இலக்க பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போதுகூட இரண்டு நாளை முடித்துவிடலாம். ஹிலரியுடையது ஐந்நூறு பக்கத்தை ஒட்டிய தடித்த புத்தகம். தோல்விக்குப் பிறகு யோகா செய்தது, நாசி மாற்றி மூச்சுப் பழகியது, வீட்டு அலுமாரிகளை ஒழுங்குபடுத்தியது என்று நடுவே நடை தளரும் இடங்கள் உண்டு. அவற்றைத் தாண்டிப் போகப் பொறுமை வேண்டும்.

ஆனால் தோற்ற அரசியல்வாதி தன் பக்க நியாயத்தைச் சொல்லும் புத்தகத்தில் நான் முதலில் பார்ப்பது வேறொன்றை: இவர் திரும்பவும் எலெக்‌ஷன் கேட்கப் போகிறாரா? என் தேர்வைத் தீர்மானித்தது இந்த ஒரு கேள்விதான். இன்னும் கேட்க இருப்பவர் எழுத உட்கார்ந்தால், நாளைக்குக் காசு கொடுக்க வேண்டியவர், மேடையில் பக்கத்தில் நிற்க வேண்டியவர், கோபித்துக்கொள்ளக்கூடிய வாக்காளர் எல்லோரும் அந்த மேசையைச் சுற்றி நிற்பார்கள். இலங்கையில் இருக்கும் எங்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. ஜனவரி 2015இல் தோற்ற மகிந்த ராஜபக்ச அதே ஆண்டு ஓகஸ்டில் நாடாளுமன்றத்துக்குத் தெரிவாகிவிட்டார். இங்கே தோல்வி என்பது அடுத்த தேர்தலுக்கான தயாரிப்பு. அந்த இடைவெளியில் ஒரு தலைவர் சொல்வதை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எங்கள் சனத்துக்குத் தெரியும்.

ஹிலரி தன் புத்தகம் வெளிவந்த வாரத்திலேயே, இனி வேட்பாளராக நிற்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டார். கமலா 2025 ஒக்டோபரில் பிபிசியிடம், தான் இன்னும் முடித்துவிடவில்லை என்றார். இந்த இரண்டு நிலைப்பாடுகளும் அவரவர் பக்கங்களில் எப்படி விழுந்திருக்கின்றன என்று பார்ப்பதற்கு, இருவரும் தம் வாயாலேயே கெடுத்துக்கொண்ட இரண்டு இடங்களை எடுத்துக்கொள்கிறேன்.

ஹிலரிக்கு அது நிலக்கரி. 2016 மார்ச்சில் ஒஹையோ மாநிலத்தில் நடந்த தொலைக்காட்சிக் கூட்டமொன்றில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களையும் கம்பனிகளையும் தொழிலிலிருந்து வெளியேற்றப் போகிறோம் என்ற பொருளில் ஒரு வாக்கியம் சொன்னார். அதற்கு முன்னும் பின்னும் சொன்னதைச் சேர்த்துக் கேட்டால், அந்த மக்களைக் கைவிடக் கூடாது என்பதுதான் பேச்சின் நோக்கம். அவர்களுக்காக முந்தின ஆண்டே 3,000 கோடி டொலர் திட்டமொன்றையும் அறிவித்திருந்தார். மற்றொருவர் என்றால், என் பேச்சைத் திரித்துவிட்டார்கள் என்று இரண்டு பந்தியில் முடித்திருப்பார். ஹிலரி முழுப் பேச்சையும் எடுத்து வைக்கிறார், திரித்ததையும் சொல்கிறார். அதன் பிறகும், தான் செய்த தவறுகளில் மிகவும் வருந்துவது இதற்காகத்தான் என்று எழுதுகிறார்.

அத்தோடு விடவில்லை. மே மாதம் மேற்கு வேர்ஜினியாவின் வில்லியம்சன் என்ற சிற்றூருக்குப் போகிறார். வெளியே கூச்சல். உள்ளே மேசையின் எதிர்ப்பக்கத்தில் வேலை போன ஒருவர் தன் பிள்ளைகளின் படத்தை அவர் பக்கம் தள்ளி வைத்து, எங்கள் வேலையைப் பறிப்பேன் என்று சொல்லிவிட்டு எங்கள் நண்பி என்று எப்படி இங்கே வந்து உட்காருகிறீர்கள் என்று கேட்கிறார். இந்தச் சந்திப்பை மையமாக வைத்து, அந்த மாநிலத்துக்கு ஒரு முழு அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். 2008 கட்சித் தேர்தலில் ஒபாமாவை அங்கே ஏறக்குறைய 40 புள்ளி வித்தியாசத்தில் வென்றவர் ஹிலரி. எட்டு ஆண்டு கழித்து அதே மாநிலத்தில் டிரம்ப் சுமார் 68 சதவீதம், அவர் 26. மக்கள் ஏன் கையை விட்டார்கள் என்று அவர் தேடும் இடத்தில் சில விடைகள் எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனாலும் தேடுகிறார். மலையகத்தில் தோட்டத்து மக்களிடம் தேர்தலுக்குத் தேர்தல் போய்வரும் தலைவர்கள் இந்த அத்தியாயத்தை வாசிக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

கமலாவுக்கு அந்த இடம் 2024 ஒக்டோபர் 8. வாக்களிப்புக்குச் சரியாக நான்கு வாரம். ‘த வியூ’ என்ற தொலைக்காட்சி உரையாடல் நிகழ்ச்சியில், பைடன் செய்தவற்றில் எதை நீங்கள் வேறு விதமாகச் செய்திருப்பீர்கள் என்று கேட்கிறார்கள். ஒன்றும் மனதில் வரவில்லை என்கிறார். எதிரணிக்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடைத்திருக்காது. புத்தகத்தில் இதை மறைக்கவில்லை, தான் செய்த சேதம் அந்த நேரத்தில் தனக்குப் புரியவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். எனக்குப் போதாதது அதற்குப் பிந்திய பகுதி. அன்று சொல்லாமல் விட்ட பதில் என்ன? எந்தக் கொள்கையில் பைடனோடு உடன்படவில்லை? விசுவாசத்தைப் பற்றிப் பேசுகிறார், பைடன் வீட்டு ஆட்கள் தன்னைத் தாங்கவில்லை என்று பேசுகிறார். கேள்விக்கான விடை மட்டும் முழுதாக வரவில்லை.

காசா பற்றிய பக்கத்தில் இது இன்னும் உறுத்துகிறது. உக்ரேன் மக்களுக்குக் காட்டிய அதே பரிவைக் காசாவின் அப்பாவி மக்களிடமும் வெளிப்படையாகக் காட்டும்படி பைடனிடம் தான் மன்றாடியதாக எழுதுகிறார். நம்புகிறேன். ஆனால் 2024 ஓகஸ்டில் சிக்காகோ மாநாட்டு மேடையில் ஒரு பலஸ்தீன அமெரிக்கரைப் பேச விடுங்கள் என்று கேட்டபோது இடம் கிடைக்கவில்லை. அது அவருடைய மாநாடு. “உள்ளுக்குள்ள கதைச்சனான்” என்ற சொல்லை 2009க்குப் பிறகு எத்தனை அரசியல்வாதிகளிடம் கேட்டிருக்கிறோம். உள்ளே கதைத்தது உண்மையாகவே இருக்கட்டும், வெளியே ஏன் கதைக்கவில்லை என்பதற்குத்தான் இப்படி ஒரு புத்தகத்தில் இடம் இருக்க வேண்டும்.

கமலாவின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. 107 நாளில் ஒரு நாட்டைச் சுற்றி வருவது ஹிலரிக்கு வந்த சோதனை அல்ல. அதோடு, அவர் பயந்து பயந்து எழுதினார் என்றும் சொல்ல முடியாது. மீண்டும் போட்டியிடும் முடிவைப் பைடன் தம்பதியிடமே விட்டுவைத்தது பொறுப்பின்மை என்று பெயர் சொல்லி எழுதுகிறார். துணை வேட்பாளராக முதலில் மனதில் இருந்தவர் பைடன் அரசில் போக்குவரத்துக்குப் பொறுப்பாக இருந்த பீட் புட்டிஜெட்ஜ் என்றும், ஒரு கறுப்பினப் பெண்ணோடு ஒரு தன்பாலின ஆணும் நின்றால் நாடு ஏற்குமா என்று பயந்து விட்டதாகவும் சொல்கிறார். ரீச்சர் இந்த இடங்களைத்தான் எனக்கு எதிராக எடுத்து வைத்தார். பெண்ணாக, நிறத்தோடு, அந்தக் கதிரைக்கு அருகில் போனவள் எதையெல்லாம் கணக்குப் போட வேண்டியிருந்தது என்று தெரிய வேண்டுமானால் கமலாவின் புத்தகம் வேண்டும் என்றார். அது சரி. என் மறுப்பு ஒன்றுதான்: மற்றவர்களைப் பற்றிக் கமலா கூர்மையாக எழுதுகிறார், தன் மௌனத்தைப் பற்றி எழுத வரும்போது சீக்கிரம் நிறுத்திக்கொள்கிறார்.

ஹிலரியின் புத்தகத்திலும் எனக்கு வழக்கு உண்டு. தேர்தலுக்கு 11 நாள் இருக்கும்போது அவருடைய மின்னஞ்சல் விசாரணை பற்றி எஃப்பிஐ தலைவர் ஜேம்ஸ் கோமி அனுப்பிய கடிதம், ரஷ்யாவின் ஊடுருவல், வெளியுறவுச் செயலாளராக இருந்தபோது அரசு வேலைக்குத் தனிப்பட்ட மின்னஞ்சலைப் பயன்படுத்திய விவகாரத்தை விடாத பத்திரிகைகள், கட்சிக்குள் அவரோடு போட்டியிட்ட பேர்னி சான்டர்ஸ் என்று நீண்ட பட்டியல். அவற்றில் பெரும்பகுதி உண்மை. மிச்சிகன், விஸ்கொன்சின், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்து 80,000க்கும் குறைந்த வாக்குகளில் போன தேர்தல் அது. அந்தக் கடிதம் போதும் கவிழ்க்க. ஆனால் கட்சி நியமனத்துக்குப் பிறகு விஸ்கொன்சினுக்கு ஒரு தடவையும் போகாததைப் பற்றி அவர் சொல்லும் சமாதானம் பலவீனமானது. 2005இல் ரணில் விக்கிரமசிங்க சுமார் 1,80,000 வாக்கால் தோற்றதை நினைத்துப் பாருங்கள். வடக்கில் சனத்தை வாக்களிக்க விடவில்லை என்பது உண்மை. அந்த உண்மைக்குப் பின்னால், தெற்கில் ஏன் போதவில்லை என்ற கேள்வி ஒளிந்துகொண்டது. ஹிலரியின் கோமி அத்தியாயத்தை வாசித்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

நான் வாசித்தது அச்சுப் பிரதிகளை. இரண்டு ஒலிநூல்களையும் ஆசிரியர்களே வாசித்திருக்கிறார்கள். கேட்டுப் பார்த்தவர்களுக்கு, கமலாவின் குரலில் அந்த ‘த வியூ’ பகுதி வேறு மாதிரிப் படலாம். அமெரிக்கக் கட்சி அரசியலின் உள்விவகாரங்களிலும் என் பழக்கம் செய்தி வாசித்த அளவுதான்.

ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் ஹிலரியை வாங்குங்கள். மேற்கு வேர்ஜினியா அத்தியாயத்தில் தொடங்கி, பிறகு முன்பக்கத்துக்குத் திரும்புங்கள். அப்படி வாசித்தால் யோகாப் பக்கங்கள் வரும்போது அலுப்புத் தட்டாது. பல்கலைக்கழகத்துக்குப் போகும் மகளுக்கோ மருமகளுக்கோ பரிசாகக் கொடுக்க வேண்டும் என்றால் கமலாவுடையது நல்லது, ஒரு போயாவில் முடித்துவிடுவார்கள். எங்கள் வட்டத்தில் ரீச்சர் இப்போது அதைத் தன் காசில் வாங்கியிருக்கிறார். காசாப் பக்கத்தைப் பற்றி என்னோடு இன்னும் கதைக்க இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்.